இருட்டில் ஏற வேண்டிய பாறை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் மாட்டிக்கொண்ட இடங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தக் குணத்தால் வந்தவை. மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததும் அப்படித்தான் ஆரம்பித்தது.

மகளுக்கு ஆவணியில் நிச்சயம் முடிந்திருந்தது. தையில் கல்யாணம். நாங்கள் ராஜபாளையம், மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அவர் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. மலை ஏறுவது ஒன்றுதான் பைத்தியம். வாரம் முழுக்க நாற்காலியில் கிடக்கிற உடம்பு லீவு நாளில் எதையாவது பிடித்து ஏறப் பார்க்கும் போலிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், காபியைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வந்தார். அடுத்த சனிக்கிழமை நடுராத்திரி கிளம்பி ஒரு மலை ஏறி, உச்சியில் உட்கார்ந்து சூரியன் வருவதைப் பார்க்கப் போகிறார்களாம். அவர் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வருகிறார்களாம்.

"உங்க பொண்ணையும் அனுப்பி வைப்பீங்களா மாமா? உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் அவகிட்டயே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

இப்படி மரியாதையாகக் கேட்கிற பிள்ளையிடம் மூஞ்சியில் அடித்தாற்போல முடியாது என்று சொல்ல வரவில்லை. தாலி ஏறுவதற்கு முன் பெண்ணை ராத்திரியில் வெளியே அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அவரே விட்டிருப்பார். நான் சாமர்த்தியம் காட்டப் போனேன்.

"அனுப்புறதுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. ஆனா ராத்திரி நேரம் பாருங்க, பெரியவங்க ஒருத்தர் கூட இல்லாம எப்படி? நானும் வந்தாத்தான் சரியா இருக்கும்."

வரப்போகிற மாமனாரை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏற எந்த இளவட்டம் சம்மதிப்பான்? நாலு நாளில் திட்டம் தானாகவே ஆறிப்போகும் என்பது என் கணக்கு. மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நெசமாவா மாமா? நீங்க வாரீங்களா? எங்க அப்பால்லாம் கூப்பிட்டா வரவே மாட்டாவ!"

முகமெல்லாம் சிரிப்பு. காபி ஆறுவதற்குள் வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து என்னையும் அதில் சேர்த்துவிட்டார். அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருட்டில் கண் தெரியாது.

கொஞ்சம் மங்கலாகத் தெரியும் என்ற பேச்சே இல்லை. பொழுது சாய்ந்து விளக்கு இல்லாத இடத்துக்குப் போனால் ஒன்றுமே தெரியாது. இருபத்துமூன்று வயதில் மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் சைக்கிளில் வரும்போது சாக்கடையில் விழுந்தேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை விழுந்தேன். குடித்திருக்கிறேன் என்று மேஸ்திரி சொன்னார். அதை மறுக்காமல் விட்டேன். குடிகாரன் என்ற பெயர் கல்யாணத்துக்குப் பிறகு மாறிவிடும், கண் சீக்கு என்ற பெயர் மாறாது. பிற்பாடு நெஞ்சுச் சளி, தூக்கம் வரவில்லை என்று என்னென்னவோ சொல்லி, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பகல் வேலையாக ஸ்டோர்ஸுக்கு மாறினேன். முப்பது வருஷமாக அங்கேதான் நட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுக்கிறேன்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனேன். அப்போது மகளுக்கு ஏழு வயது. விழித்திரையில் கோளாறு, மருந்து கிடையாது, மெல்ல மெல்லத்தான் குறையும் என்றார் டாக்டர். சொந்தத்தில் கட்டினதா என்று கேட்டார். என் மனைவி என் தாய்மாமன் மகள். என் அப்பாவும் அம்மாவுமே அத்தை மகன், மாமா மகள்தான்.

"பிள்ளைங்க இருந்தா ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம்" என்றார்.

கூட்டிப் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எப்போது போனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண் குழந்தையைக் கண் ஆஸ்பத்திரியில் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னால் போதும், அது பதினெட்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழும். "அவ நல்லாத்தான ஓடியாடுதா" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு வருஷம் சண்டை போட்டாள். பிறகு விட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் என் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. மகளிடமும் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயே இருபத்தைந்து வருஷம் மறைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கரண்டு போனால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ராத்திரித் திருவிழாவில் வெள்ளைச் சட்டைக்காரர் யாருக்காவது பின்னால் நடக்க வேண்டும். சினிமாவுக்கு விளக்கு அணைவதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

மலைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

குரூப்பில் மெசேஜ் கொட்டத் தொடங்கியது. மாப்பிள்ளை ஒரு பட்டியல் போட்டார். தலையில் மாட்டுகிற டார்ச், வழுக்காத ஷூ, குளுக்கோஸ், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நடுவில் ஓரிடத்தில் டார்ச்சை எல்லாம் அணைத்துவிட்டு அரை மணி நேரம் நட்சத்திர வெளிச்சத்தில் நடப்போம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். 'பௌர்ணமி அன்று போகலாமே' என்று எழுதினேன். பௌர்ணமியிலும் எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, தேதியாவது தள்ளிப் போகுமே என்றுதான். 'நிலா இருந்தால் நட்சத்திரம் தெரியாது மாமா' என்று பதில் வந்தது. 'காலை ஆறு மணிக்கு ஏறலாமே' என்றேன். 'மாமா காமெடி பண்றாங்க' என்று தங்கை வீட்டுக்காரர் எழுதினார்.

மகள் குரூப்பில் அதிகம் பேசவில்லை. ஆனால் அடுப்படியில் அவள் அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"அப்பாவுக்கு முட்டி வலிக்கும்மா. வேண்டாம்னு சொல்லிரு. அப்பா வரலைன்னா நானும் போகல."

கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை. என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்துக் கோபம் வந்தது. "என் முட்டி கல்லு மாதிரி இருக்கு" என்று கூடத்தில் இருந்தே கத்தினேன். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளை செண்பகத்தோப்பு வழியாக ஏறுவதாகத்தானே சொல்கிறார்? அது காடு. வனத்துறைக்காரர்கள் விடமாட்டார்கள். அவர்கள் வாயாலேயே அதைக் கேட்டு வந்துவிட்டால் என் பேரில் பழி இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு செக்போஸ்டுக்குப் போனேன். காக்கிச் சட்டையில் ஒருத்தர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி மலையேற விடுவீங்களாய்யா?"

"யாரு கேக்கா? விடமாட்டோம். யானை நிக்கி, புலி நிக்கி. ஏன், போகணுமா?"

"இல்ல, போகக்கூடாது. விடமாட்டோம்னு ஒரு தாள்ல எழுதித் தாரீங்களா?"

அவர் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன வருசத்துல விடுங்கன்னு கெஞ்சுனவன்தான் உண்டு. விடாதீங்கன்னு எழுதி வாங்க வந்த ஆளு நீருதான்" என்றார். எழுதித் தரவில்லை. அவர் சொன்னதை என் போனில் பதிவு செய்துகொள்ள மட்டும் சம்மதித்தார். அதைக் குரூப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கை கழுவி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'மாமா எனக்காக அங்க வரைக்கும் போய்க் கேட்டீங்களா! ரொம்ப நன்றி. காடு வேண்டாம், வேற எடம் பாத்துட்டேன்.' கூடவே ஒரு படம். ஆலங்குளம் போகிற வழியில், பருத்திக் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கும் மொட்டைப் பாறை. உச்சியில் ஒரு சின்னக் கோயில். காடும் இல்லை, யானையும் இல்லை, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கிழக்கே ஒரு மரம்கூட மறைக்காதாம். சூரியன் அப்படியே தரையில் இருந்து எழுந்து வருவதுபோல் இருக்குமாம்.

அன்று ராத்திரி மனைவி கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லிருவோம்ங்க. நல்ல பையனா இருக்கு. புரிஞ்சுக்கிடும்."

"பையன் புரிஞ்சுக்கிடுவாரு. அவிய வீட்ல? பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாக. என்ன சொல்லுவ?"

"கேட்டா டெஸ்ட் எடுப்போம்."

"எடுத்து இருந்துச்சுன்னா?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் படுத்துக் கிடந்தோம். அவ்வளவு இயலாமையை நான் என் அப்பா செத்தபோதுகூட உணர்ந்ததில்லை. அப்போதாவது செய்வதற்கு ஏதேதோ வேலை இருந்தது.

விடியும்போது ஒரு வழி தோன்றியது. பாறையைப் பகலிலேயே ஏறிப் பாடம் பண்ணிவிட வேண்டும். எத்தனை படி, எங்கே திருப்பம், எங்கே கைப்பிடி என்று மனசில் ஏற்றிக்கொண்டால், சனிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளையின் முதுகுப்பையில் கையை வைத்துக்கொண்டு எப்படியும் ஏறிவிடலாம். என் வீட்டு மாடிப்படியும் மில் ஸ்டோர்ஸும் எனக்கு அப்படித்தான் பழக்கம். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் லீவு போட்டேன். பல் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலரை மணிக்கு என் வண்டியில் பாறை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு ஸ்கூட்டி நின்றது. நீல நிறம், முன்பக்கத்தில் கீறல். கீறல் போட்டவனே நான்தான். என் மகளுடைய வண்டி.

அவள் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்றரை மணிக்குப் பள்ளி விடும். வீட்டுக்குப் போகாமல் இங்கே என்ன வேலை? திட்டம் எல்லாம் வேஷம், இரண்டு பேரும் முன்னாலேயே தனியாகச் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மரியாதைக்காரப் பிள்ளை என்று நம்பினேனே என்று மாப்பிள்ளையை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருடைய பைக் பக்கத்தில் இல்லை என்பதுகூட உறைக்கவில்லை. எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பாறையில் வெட்டிய படிகள். கோபத்தில் எண்ண மறந்துவிட்டேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. யாரிடமோ பேசுகிற குரல். நான் பாறையோடு ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

வேறு யாரும் இல்லை. அவள் ஒருத்திதான். துப்பட்டாவை எடுத்து இரண்டு சுற்றாகக் கண்ணில் கட்டியிருந்தாள். இடது கையைப் பாறையில் வைத்துக்கொண்டு, வலது காலை முன்னால் நீட்டித் தடவி, ஊன்றி, அடுத்த காலை எடுத்து வைத்தாள்.

"தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தஞ்சு, இது ஒசரம். தொண்ணூத்தாறு. இங்க இடது பக்கம் திரும்பணும்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எதற்காக எண்ணுகிறாள் என்று அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேருகிற பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். காலேஜ் டூருக்குப் போக மாட்டேன் என்று அவள் சொன்னபோது நல்ல வளர்ப்பு என்று மார் தட்டினேன்.

என் மூச்சுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "யாரு?" என்று துப்பட்டாவை இழுத்துக் கீழே போட்டாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்களும் எண்ணத்தான் வந்தீங்களாப்பா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"சின்னப் பிள்ளையில இருந்தே தெரியும்."

"ஒனக்கு எப்ப இருந்துடி இது?"

"பத்தாவது படிக்கையில ராத்திரி டியூசன் விட்டு வாரப்ப. மொதல்ல தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் பக்கத்தில் வந்து அதே படியில் உட்கார்ந்தாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. வகுப்பில் கணக்கை விளக்குகிற மாதிரிதான் சொன்னாள்.

"நீங்க சொல்லலையேப்பா. இத வெளிய சொல்லக்கூடாது போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அழுதேன். மகள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கூட்டிப் போகாததையும் சொன்னேன். கூட்டிப் போயிருந்தாலும் மருந்து இல்லைதான். ஆனால் ஒரு பத்து வருஷம் அவள் இதைத் தனியாகச் சுமந்திருக்க மாட்டாள்.

கீழே பருத்திக் காட்டில் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் போனைக் கையில் எடுத்தாள்.

"இதுக்கு மேல அவியள ஏமாத்த முடியாதுப்பா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

முப்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரு பொய் கைவசம் வைத்திருந்தவன் நான். அப்போது எனக்கு உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை. சொல்லாதே என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல் என்று சொல்லவும் பார்த்தேன். அவள் செத்த நேரம் காத்திருந்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்காமல் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அப்பாவுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, மருந்து இல்லை, போகப் போகக் கூடும். பிறகு அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டு ம், ம் என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசுனாவ. வீட்ல பேசிட்டுச் சொல்றேன்னாவ."

சனிக்கிழமை வந்தது, போனது. அதற்கடுத்த சனிக்கிழமையும் போய்விட்டது. இதை எழுதுகிற வரைக்கும் அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. குரூப்பை யாரும் கலைக்கவும் இல்லை, அதில் யாரும் எதுவும் எழுதுவதும் இல்லை. நானாகக் கூப்பிட்டுக் கேட்கலாம்தான். என்னவென்று கேட்பது?

அன்றைக்குப் பாறையில் நாங்கள் நேரத்தைப் பார்க்கவில்லை. மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதைக் கண்டதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதற்றம் பிடித்துக்கொண்டது. தடுமாறி, உட்கார்ந்து உட்கார்ந்து அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது வேப்பமரம் ஒரு கறுப்பாக மட்டும் தெரிந்தது. இரண்டு வண்டி நிற்கிறது, ஓட்டிப்போக ஆள் இல்லை. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள். அப்பா கூட இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டோ வந்து நின்ற வெளிச்சத்தில் மனைவி இறங்கினாள். மரத்தடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளையும் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குமா?" என்றாள்.

அவள் எங்களுக்கு நடுவில் வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து, "கல்லு கிடக்கு, பாத்து" என்று சொல்லி ஆட்டோவுக்குக் கூட்டிப் போனாள்.